பின்னால் கிடந்த பிரம்பு நாற்காலி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவர் அவர். லென்ஸ் ஃபிரேமில் ஒழுங்காக உட்காராவிட்டால் முதலாளியையே முறைப்பார். மற்றபடி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தால் ஆளே வேறு. பேய் வீடியோ கேம்களுக்கு இணையத்தில் மார்க் போடுகிற ‘இருட்டண்ணன்’ சாட்சாத் இவர்தான். ‘அண்ணனே பயந்தாத்தான் அது பேய், இல்லேன்னா வெறும் பொம்மை’ என்று ரசிகர்கள் எழுதுவார்கள்.

கூத்தே அதில்தான். அண்ணனுக்குப் பயம் மருந்துக்குக்கூடக் கிடையாது. திரையில் எது வாயைப் பிளந்து வந்தாலும் கொட்டாவி விடுவார். பயந்ததெல்லாம் அவருடைய அக்கா.

அக்காவுக்குக் கண் தெரியாது. தம்பி விளையாடும்போது அவருக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, காதாலேயே முழுக் கேமையும் பார்த்துவிடுவார். நாற்காலி கிறீச்சிட்டால் அக்கா முன்னால் சாய்கிறார் என்று அர்த்தம். தம்பியின் தோளில் கை விழுந்தால் நிஜமாகவே நடுங்கிவிட்டார். கை விழுந்த கணக்குத்தான் இருட்டண்ணனின் மார்க். இது அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது.

இருட்டண்ணன் பேர் வாங்கியதே ‘மேல்மாடி’ என்ற கேமால். முதல் பாகத்தில் ஒரு காலி வீடு, ஒரு மாடிப்படி, இடது காலை இழுத்து இழுத்து நடக்கிற ஒருத்தி. முகத்தைக் காட்டவே மாட்டார்கள். அக்கா அன்றைக்குத் தம்பியின் தோளைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. இரண்டாம் பாகத்தில் அதே காலடி ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தது. மூன்றாவதில் மழைச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டது. இரண்டுக்கும் கை விழத்தான் செய்தது.

நான்காம் பாகம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அக்கா தன் மகள் வீட்டோடு போய்விட்டார்.

“நீ இல்லாம நான் எப்படிக்கா மார்க் போடுவேன்? என் குட்டு வெளிப்பட்டுடுமே.”

“உனக்கும் தோல் இருக்குல்ல? அது சிலிர்க்குதான்னு பாரு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தன்னந்தனியாக உட்கார்ந்தார். நான்காம் பாகம் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. கையில் துப்பாக்கி, மூலைக்கு மூலை பூதம், வாளி வாளியாக ரத்தம். அண்ணனுக்கு ஒரு ரோமம் அசையவில்லை. கேம்தான் சொத்தையா, தானே மரக்கட்டையா? தெரியவில்லை. ஊரே தீர்ப்புக்குக் காத்திருக்கிறது. வெட்கத்தை விட்டு அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு விளையாடினார்.

அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“இதுல ஆளே இல்லடா. வெறும் சத்தம்தான் இருக்கு.”

எந்தப் புதுப் பாகத்துக்கும் மார்க் சொல்வதற்கு முன்னால் முதல் பாகத்தின் மாடிப்படியை ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுவது தம்பியின் வழக்கம். அதையும் போட்டார். இழுத்து இழுத்து அந்த நடை கேட்டது.

“ம்ம், இவதான். என்ன இருந்தாலும் இவ இவதான்,” என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது. “படி இறங்கிட்டா. கிட்ட வரா.”

படி இறங்குகிற கட்டமே முதல் பாகத்தில் கிடையாது. அவர் சட்டென்று கேமை நிறுத்தினார். திரை உறைந்து நின்றது. நடை நிற்கவில்லை. அறையின் சிமென்ட் தரையில் எதுவோ உரசிக்கொண்டு வந்தது, அவருக்குப் பின்னால் வந்து நின்றது.

பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது.

“அது என் நாற்காலி இல்ல? வீட்டுக்கு யாருடா வந்திருக்கா?” என்று கேட்டார் அக்கா.

“யாரும்... யாரும் இல்லக்கா.”

“பொய் சொல்லாதே. உன் பல்லு தந்தியடிக்குது, இங்க கேக்குது.”

உண்மைதான். கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. முதுகு வேர்த்து சட்டை ஒட்டிக்கொண்டது. பயம் என்றால் இதுதானா? ஐயோ, இதையா அக்கா இத்தனை வருஷம் பின்னால் உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள்! தான் பெரிய தைரியசாலி என்று நினைத்ததெல்லாம் சுத்தப் பொய். முதுகுக்குப் பின்னால் அக்கா இருந்தாள், அவ்வளவுதான்.

“அக்கா, நாலாவது சொத்தை. எனக்கே தெரிஞ்சுடுச்சு.”

“மார்க்கெல்லாம் அப்புறம் போடலாம். இப்ப போனைக் கையில எடு. திரும்பிப் பாக்காதே. நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ மெதுவா எழுந்து வாசலுக்குப் போ.”

அவர் போனை எடுத்துக் காதோடு ஒட்டிக்கொண்டார். அக்கா பேசிக்கொண்டே இருந்தார், மகள் வீட்டைப் பற்றி, பேத்தியைப் பற்றி, வாய்க்கு வந்ததைப் பற்றி. அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

தோளில் ஒரு கை விழுந்தது.