ஆரோக்கியம் அண்ணனின் ‘ஆயிதபூச’

ஆரோக்கியம் அண்ணனின் மனைவி லூர்து அக்கா போன் செய்தபோது நான் விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் கம்மாபுரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். “தம்பி, அண்ணன் போயிட்டாரு” என்றார். வேப்பூரில் ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டு வீடு வந்தவர், கேமரா பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாராம். அக்கா தண்ணீர் கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீடியோக்காரர் ஆரோக்கியத்தை உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேரின் கல்யாணத்தை அவர்தான் எடுத்தார். குழந்தை பிறந்த பிறகுதான் வீடியோவைக் கொடுத்தார். கேட்டால், “கல்யாணம் எங்க ஓடிப்போவுது?” என்பார். இறந்துவிட்டார் என்பதற்காக அவரைச் சொன்ன நேரத்துக்குக் கொடுப்பவர் என்று என்னால் எழுத முடியாது.

பேசுவதுபோலவேதான் எழுதுவார். கம்ப்யூட்டரில் கிரகப்பிரவேச வீடியோக்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘புதுவூடு’. எழுத்துப்பிழை என்று ஒருமுறை சொன்னேன். “நீ சாயங்காலம் வூட்டுக்குப் போவியா, இல்லத்துக்குப் போவியா?” என்று கேட்டார்.

நம் ஊர்ப் பீங்கான் எங்கெங்கோ போகிறது. அதைச் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்த கொளஞ்சி அக்காவின் மூன்று விரல்கள் மண் அரைக்கும் இயந்திரத்தோடு போயின. பட்டறை முதலாளி தொழிலாளர் அலுவலகத்தில் கூசாமல் சொன்னார்: “அந்தப் பொம்பள எங்க ஆளே இல்ல சார். யாருக்கோ சோறு எடுத்துட்டு வந்துச்சு.” அக்கா அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுத்தாள்கூடக் கிடையாது. கொடுத்தால்தானே இருக்கும்.

விபத்துக்கு முந்தைய ஆயுத பூஜையை அந்தப் பட்டறையில் அண்ணன்தான் எடுத்திருந்தார். தன் குடும்பம் வரும் இடங்கள் மட்டும் போதும் என்று முதலாளி வெட்டி வாங்கிக்கொண்டார். விபத்துக்குப் பிறகு நான் போய்க் கேட்டபோது, “வெட்டிக் குடுப்பேன், வெட்டி எறிய மாட்டேன். முழுசும் கம்ப்யூட்டர்ல இருக்குது. தேடித் தரேன், போ” என்றார் அண்ணன். வழக்கம்போலத் தாமதம் செய்தார். அதற்குள் போயும்விட்டார்.

அடுத்த விசாரணைக்கு முந்தின நாள் நானும் கொளஞ்சி அக்காவும் லூர்து அக்காவின் முன்னால் போய் நின்றோம். துக்க வீட்டில் கேட்கக் கூடாததுதான். அவர் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தார். ‘ஆயுத பூஜை’ என்று தேடினேன். இல்லை. பட்டறையின் பெயரைப் போட்டேன், முதலாளியின் பெயரைப் போட்டேன். எதுவும் வரவில்லை.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்த கொளஞ்சி அக்கா மெதுவாக, “மொதலாளி சொல்லி அழிச்சிட்டாரோ?” என்றார்.

லூர்து அக்காவுக்குச் சுருக்கென்றது. “தேஞ்ச செருப்பக்கூட தூக்கிப் போடாத மனுசன், அழிப்பாரா?” என்றவர், என் பக்கம் திரும்பினார். “நீ என்னாத்துக்குப் புஸ்தகத் தமிழ்ல தேடுற? அவரு எப்படிச் சொல்லுவாரோ அப்படி அடி.”

‘ஆயிதபூச’ என்று அடித்தேன். வந்தது.

பொரியும் பழமும் படைத்திருக்கிறார்கள். கொளஞ்சி அக்கா இயந்திரத்துக்குச் சந்தனம் வைக்கிறார். அதே இயந்திரம், அதே வலது கை. விரல்கள் ஐந்தும் இருக்கின்றன. கேமராவைப் பார்த்ததும் தலையைக் குனிகிறார். அண்ணனின் குரல் கேட்கிறது: “என்னா கொளஞ்சி, புதுப்பொண்ணா நீ? தலயத் தூக்கு, மொகம் தெரியட்டும்.” பின்னாலிருந்து முதலாளி சிரிக்கிறார்: “நல்லா எடுப்பா. நம்ம மிசினே அதுதான் ஓட்டுது.”

கொளஞ்சி அக்கா திரையில் தன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் காட்டினோம். தன் குரலையே கேட்ட பிறகு, ‘எங்க ஆளே இல்ல’ என்று முதலாளி சொல்லவில்லை. விசாரணை இன்னும் நடக்கிறது. விரல்கள் வரப்போவதில்லை.

அடுத்தவர் முகம் தெரியட்டும் என்றவரின் முகம் அந்த வீடியோவில் எங்குமில்லை, குரல் மட்டும்தான். அதன் பிரதி ஒன்றை என் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். பெயரைத் திருத்தவில்லை.