செஞ்சி ரோட்டில் ஒரு போர்டு

நான் சொல்லப்போவது நடந்த கதை. மலை மேல் ஆணையாக ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சரி, மலையை எதற்கு இழுக்க வேண்டும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: குதிரை வருகிற இடத்தில் கொஞ்சம் நீட்டுவேன். ஊர்க்காரர்கள் வருகிற இடத்திலும் நீட்டுவேன். அழுகிற இடத்தில் நீட்ட மாட்டேன்.

திருவண்ணாமலை ரயில்வே ஸ்டேஷன் குதிரை வண்டி ஸ்டாண்டில் விழுப்புரம் பாசஞ்சருக்காகக் காத்துக் கிடந்தோம். அந்த வண்டி சொன்ன நேரத்துக்கு வந்ததை என் அப்பா ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாராம், அதுவும் முந்தின நாள் வண்டியாம். பக்கத்தில் இருசப்பன் பீடி குடித்துக்கொண்டிருந்தான். அப்பாதுரை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். ரோடு போடுகிற கேங்கில் கூலியாக இருக்கும் சின்னசாமி அன்று வேலை இல்லாமல் வந்து உட்கார்ந்து, அப்பாதுரை உரித்த கடலையைத் தின்றுகொண்டிருந்தான். கவுஸ் பாஷா பாய் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். அவர் இல்லாதபோதுதான் இந்தக் கதையைச் சொல்ல முடியும், ஏனென்றால் கதையே அவருடையது.

பாயின் குதிரைக்குப் பெயர் நவாப். ஆற்காட்டு நவாபு காலத்திலிருந்தே வண்டி இழுப்பதால் அந்தப் பெயர். அவ்வளவு ஒல்லி. வெயிலில் நிறுத்தினால் தரையில் நிழல் விழாது, கோடுதான் விழும். அந்த நவாபைத் தவிர பாய்க்கு உலகத்தில் இருந்தது இரண்டே பேர். கீழ்பென்னாத்தூரில் அம்மா வஜீதா பீ. கராச்சியில் அக்கா ஜாஹிரா. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் காணாமலே போய்விட்ட மனுஷன் அவர்.

அக்காவை ஐம்பத்தாறில் சொந்தத்திலேயே கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கராச்சியில் சோப்புக் கம்பெனியில் வேலை. அப்போது அது வெளியூர் மாதிரிதான். பம்பாய்க்குக் கொடுக்கிறோம், கல்கத்தாவுக்குக் கொடுக்கிறோம் என்கிற மாதிரி கராச்சிக்குக் கொடுத்தார்கள். அறுபத்திரண்டில் ஒருமுறை வந்தாள். அம்மா மடியில் தலை வைத்து ஒரு மாதம் தூங்கிவிட்டுப் போனாள். அறுபத்தைந்தில் சண்டை வந்தது. அதற்கப்புறம் தபால் நேராகப் போகவில்லை.

இருசப்பனின் அண்ணன் பெனாங்கில் இருந்தான். பாய் கடிதத்தை அவனுக்குப் போடுவார். அவன் புதுக் கவரில் போட்டுக் கராச்சிக்கு அனுப்புவான். அங்கிருந்து பதில் பெனாங்கு வந்து, அப்புறம் இங்கே வரும். வடக்கே இருக்கிற அக்காவுக்கு “சுகமா?” என்று கேட்க, கிழக்கே கப்பல் ஏறிப் போய்த் திரும்ப வேண்டும். மூன்று மாதம். கேட்டவருக்கு ஜுரம் வந்து குணமாகி, மறுபடி ஜுரம் வந்திருக்கும்.

அந்த அண்ணன் பெனாங்கிலிருந்து வருவான். கலர் லுங்கி, டார்ச்சு லைட்டு, தைல பாட்டில். ஊரே போய் நிற்கும். அவன் மலை சுற்றினாலும் வேலூர் போனாலும் யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். பெனாங்கும் வெளிநாடு, கராச்சியும் வெளிநாடு. ஆனால் பெனாங்குத் துணி வந்தால் ஃபாரின் துணி, கராச்சித் துணி வந்தால் எதிரித் துணி. இரண்டையும் ஒரே மில்லில் நெய்திருந்தாலும் அப்படித்தான்.

எழுபத்தொன்றில் மறுபடி சண்டை. இதே ஸ்டாண்டில் இதே அப்பாதுரை கேட்டான்: “இன்னா பாய், உங்க மாமா நம்ம மலை மேல குண்டு போடப் போறாராமே?”

“அவரு சோப்பு போடுவாருடா. முதல்ல உனுக்குத்தான் போடணும், நாறுற.”

எல்லோரும் சிரித்தோம். மறுவாரம் எங்கிருந்தோ இரண்டு சி.ஐ.டி. ஆட்கள் பேன்ட்டு போட்டுக்கொண்டு வந்து பாயை வண்டியோடு கூட்டிப்போனார்கள். பெனாங்கு போகும் கடிதம் ஒன்று அவர்கள் கையில் இருந்தது. அம்மா சொல்லி பாய் எழுதியது. “முப்பது எலுமிச்சை, எட்டு நாள் வெயில், அப்புறம் மூடி வை” என்று ஊறுகாய் பக்குவம். முப்பது என்றால் என்ன, எட்டு நாள் என்றால் என்ன, எதை மூடி வைப்பது என்று இரண்டு நாள் கேட்டார்களாம். கடைசியில் அந்தப் பக்குவத்தில் ஊறுகாய் போட்டுக் காட்டச் சொன்னார்கள் என்று நான் ஊரெல்லாம் சொன்னது நீட்டல். இரண்டு நாள் உட்கார வைத்தது நீட்டல் இல்லை. திரும்பி வந்த பாய் ஆறு மாதம் யாருக்கும் ஒரு கார்டுகூடப் போடவில்லை. இது எப்படியோ அக்காவுக்கும் தெரிந்துபோனது. அவள் அதை மறக்கவே இல்லை.

அங்கே அவளுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பின்னால் வந்த ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள்: “இங்க என்னை இந்துஸ்தான்காரின்றாங்க. அங்க வந்தா பாகிஸ்தான்காரிம்பாங்க. நான் கீழ்பென்னாத்தூர்காரின்னு சொன்னா ரெண்டு பக்கமும் யாருக்கும் புரியல, பாஷா.”

வருஷங்கள் போயின. ஒருநாள் டீக்கடை ரேடியோவில் பாய் ஒன்றைக் கவனித்தார். முன்பெல்லாம் “எதிரி நாடு” என்று வாசித்தவர்கள் இப்போது “அண்டை நாடு” என்கிறார்கள். மலை நகரவில்லை, கடல் நகரவில்லை, கராச்சி ஒரு அடி கிட்ட வரவில்லை. பெரியவர்கள் எங்கேயோ உட்கார்ந்து வார்த்தையை மாற்றிக்கொண்டார்கள். தபால் நேராக வந்தது. அப்புறம் விசா கொடுக்கிறார்கள் என்றார்கள். பாய் நவாபுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போட்டார். அது தோலை மட்டும் தின்றுவிட்டுப் பழத்தை நமக்கு விட்டது. நீட்டல்தான், விடுங்கள்.

எண்பத்தொன்றில் அக்காவுக்கு விசா கிடைத்தது. அதே மாதம் கீழ்பென்னாத்தூரில் அம்மாவுக்கு வாயு அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அசைத்தால் உயிர் நிற்காது என்றார் டாக்டர். பாய் கவலைப்படவில்லை. அம்மா வராவிட்டால் என்ன, அக்காதான் வருகிறாளே.

பத்தொன்பது வருஷம் கழித்து ரயிலை விட்டு இறங்கியவள் தலை நரைத்திருந்தாள். சல்வார் கமீஸ் போட்டிருந்தாள். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. பாய் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். “ஆபா” என்றார். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“பாஷா, முதல்ல அம்மீகிட்ட போலாம். வண்டிய எடு.”

“போலீஸ் ஸ்டேஷன்ல பேர் குடுத்துட்டு நேரா அங்கதான் ஆபா.”

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு தசரதன் பேப்பரை இரண்டு முறை படித்தார். பாயின் வண்டியில் ஏறாத நாள் கிடையாது அவருக்கு. அவர் முகம் சுருங்கியது.

“பாய், இதுல திருவண்ணாமலைனு மட்டும்தான் எழுதிக்கீது. கீழ்பென்னாத்தூர் இல்லையே. ஊர் எல்லையத் தாண்டக் கூடாது.”

எந்த ஊருக்குப் போகிறாய் என்று கராச்சியில் ஃபாரத்தில் கேட்டிருக்கிறார்கள். ஜாஹிரா திருவண்ணாமலை என்று எழுதிவிட்டாள். நம் பக்கத்தில் யார்தான் வேறு எழுதுவார்கள்? கீழ்பென்னாத்தூர்க்காரனை மெட்ராஸில் நிறுத்தி எந்த ஊர் என்று கேட்டால் திருவண்ணாமலை என்றுதான் சொல்வான். பிறந்ததிலிருந்து வெளியே அப்படியே சொல்லிப் பழக்கம். அவளும் சொன்னாள்.

“பன்னெண்டு மைல் சார்” என்றார் பாய். “கூப்பிட்டா கேக்கிற தூரம்.”

“பெனாங்கு ரெண்டாயிரம் மைல் இருக்கும், இருசப்பன் அண்ணன் அங்கேர்ந்து வந்து எங்க வேணா சுத்துறான். தூரத்துல இல்ல பாய் விஷயம்.” தசரதன் பேப்பரை மடித்தார். “மனு எழுதித் தரேன். மேல அனுப்பலாம். பர்மிஷன் வந்தா நானே கூட்டிப்போறேன்.”

மனு போனது. அக்கா ஊருக்குள் பாய் வீட்டிலேயே தங்கினாள். முப்பது நாள் விசா. தினமும் காலையில் பாய் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்திக் கேட்பார். வரவில்லை என்பார் தசரதன். பிறகு கீழ்பென்னாத்தூர் போவார். அம்மா கேட்பாள்: “ஜாஹிரா எங்கடா?”

“திருவண்ணாமலைல இருக்கா அம்மீ.”

“கராச்சிலேர்ந்து வந்தவளுக்கு இங்க வரத் தெரியலியா? என் மேல கோவமா?”

பாய் வாசலுக்குப் போய் நவாபுக்குப் புல் போடுவார். இருபத்தெட்டாவது நாள் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அப்போதும் கண் வாசலிலேயே இருந்தது. “என்ன உன் வண்டில போட்டுக்கினு போடா. போற உசுரு அவ மொகத்தப் பாத்துட்டுப் போவட்டும்” என்றாள்.

வண்டியில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு, அம்மாவைப் படுக்க வைத்தார். செஞ்சி ரோட்டில் ஊர் எல்லைப் போர்டு வரை அக்காவைக் கூட்டி வரும்படி தசரதனுக்குச் சொல்லி அனுப்பினார். அம்மாவின் பழைய பச்சைப் புடவை ஒன்று அக்காவிடம் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார். சல்வாரில் பார்த்தால் அம்மாவுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று பயம்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போர்டுக்குப் பக்கத்தில் ஜாஹிரா நின்றாள். இரண்டு பக்கமும் கடலைக் காடு. ஆள் இல்லை. தசரதன் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்திருந்தார். தூரத்தில் வண்டி வந்தது. சின்னப் பாலத்தைத் தாண்டியது. தாண்டி நாலு அடி வைத்ததும் நவாப் முன்னங்கால் மடிந்து விழுந்தது. அது எட்டு மைல் இழுத்தாலே அதிசயம் என்று நான் நீட்டுவதுண்டு. அன்றைக்கு அது பன்னிரண்டையும் கிட்டத்தட்ட இழுத்து முடித்திருந்தது. போர்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு பர்லாங்கு, நடந்தால் மூன்று நிமிஷம்.

“ஆபா!” என்று பாய் கத்தினார். “ஓடியா! ஓடியா!”

தசரதன் அவளைப் பார்த்தார். சட்டைப் பையில் பீடியைத் தேடினார். “இந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி. நான் மரத்துக்கு அந்தாண்ட திரும்பிப் பத்தவைக்கிறேன்மா. எனக்கு ஒரு பீடி பத்த வைக்க அரை மணி நேரம் ஆவும்” என்று முதுகைக் காட்டி நின்றார்.

அவள் காலை எடுத்தாள். போர்டுக்கு நேராக அந்தக் கால் நின்றுவிட்டது. கம்பி இல்லை, துப்பாக்கி இல்லை, பார்க்க ஒரு காக்காய் இல்லை. மண் இந்தப் பக்கமும் செம்மண், அந்தப் பக்கமும் செம்மண்.

“போங்கம்மா, நான் பாக்கல.”

“நீங்க பாக்கல ஏட்டய்யா. வேற யாராவது பாத்தா? நான் நாளைக்குப் போய்டுவேன். எந் தம்பி இங்க இருப்பான். ஊறுகாய்க்கே அவனை ரெண்டு நாள் உக்கார வச்சாங்க.” அவள் போர்டுக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அவன் பேர்ல ஒரு கோடு விழ விடமாட்டேன். பாஷா! தூக்கியாடா! அம்மீயத் தூக்கியா!”

பாய் அம்மாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். குழந்தை கனம்தான் இருந்தாளாம்.

“தெரியுதா அம்மீ? அதோ, போர்டாண்ட.”

“மங்கலா இருக்குதுடா. பச்சையா?”

“பச்சைதான். உங்க புடவை.”

“ஏன் அங்கயே நிக்கிறா? வரமாட்டாளா?”

“வருவா அம்மீ. பேசாம இருங்க.”

பாய் வேகமாக நடந்தார். இருபது அடி இருக்கும்போது கழுத்து அவர் தோளில் சாய்ந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நடையை நிறுத்தவில்லை. போர்டைத் தாண்டி வந்து, அக்காவின் கையில் அம்மாவைக் கொடுத்துவிட்டு, “தூங்கறாங்க ஆபா” என்றார்.

அவள் ரோட்டிலேயே உட்கார்ந்து அம்மாவை மடியில் வைத்துக்கொண்டாள். தசரதன் தொப்பியைக் கழற்றினார். அவர் கையில் பீடி பத்த வைக்காமலே இருந்தது. அம்மாவைக் கீழ்பென்னாத்தூரில் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அக்கா அதற்கும் போகவில்லை. மறுநாள் ரயில் ஏறிப் போனாள். பெண்ணாகப் பிறந்து பெற்றவள் முகத்துக்குப் பன்னிரண்டு மைலில் முப்பது நாள் இருந்தாளே, அவள் எழுதின கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி: “அம்மீ என்னைப் பாத்தாங்களா, பாஷா?” பார்த்தார்கள் என்று பாய் பதில் போட்டார். நான் நீட்டுவதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் தூசு.

கதையை நிறுத்தினேன். சின்னசாமி கடலை மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“அண்ணே, எந்த போர்டு? புளியமரத்தாண்ட கீதே, அதுவா?”

“அதான்.”

“அது எல்லை இல்லண்ணே.” அவன் கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தான். “எல்லை சின்னப் பாலம். எங்க கேங்குதான் போர்டு நட்டது. பாலத்தாண்ட கடப்பாற போட்டா ஒரே பாறை, பொறி பறக்குது. ‘மண்ணு எங்க எளசா கீதோ அங்க நடுங்கடா, எவன் அளக்கப் போறான்’னாரு மேஸ்திரி. ஒரு பர்லாங்கு தள்ளி நட்டோம்.”

நவாப் விழுந்தது பாலத்துக்கு இந்தப் பக்கம், ஊர்ப் பக்கம். நான் மனசுக்குள் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் அதே இடத்தில்தான் விழுந்தது.

“அடப்பாவி!” இருசப்பன் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தான். “அந்தம்மா நடந்து வந்திருக்கலாமேடா! மொத்தமும் ஊருக்குள்ளதானேடா!”

“எனக்கு இன்னாணே தெரியும்? நான் கூலி!”

“வுடு அவன” என்றான் அப்பாதுரை. “பாய்கிட்ட சொல்லணும். அவருக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சு?” என்றான் இருசப்பன். “இருக்கிற உசுரும் போவட்டும்னா? குண்டு போடறாராம்னு கேட்டவன்தானே நீ!”

“அதையும் இதையும் ஏண்டா முடிச்சுப் போடற? மறைச்சு வைக்க நீ யாரு? உன் அம்மாவா செத்தது?”

“வாய அடக்குடா!”

“நீ கைய எட்றா முதல்ல!”

கடலை சிதறியது. யாரோ யாரையோ தள்ளினார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து நவாபை நடத்திக்கொண்டு கவுஸ் பாஷா பாய் வந்துகொண்டிருந்தார். “இன்னாடா சண்டை? எதுக்குடா அடிச்சுக்கிறீங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அப்பாதுரை வாயைத் திறந்தான். இருசப்பன் அந்த வாயிலேயே ஓங்கி ஒன்று விட்டான்.