தேசப்பன் எழுதிய மூன்றாவது விதி

தேசப்பன் இறந்த செய்தி எனக்குப் புளியந்தோப்பிலிருந்து வந்தது. எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் யூசுப் சார் போன் செய்தார். தேசப்பன் வீடு என் வீட்டிலிருந்து நான்கு வாசல் தள்ளித்தான். ஒப்பாரி காதில் விழத்தான் செய்தது. யாருக்கு என்று கேட்க எங்கள் ஊரில் எவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்.

சக ஆசிரியர்களே, உங்களுக்கு அவர் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் புரட்சியைப் பாடம் எடுத்தவர். "ராஜா தலைய வெட்றது ஒரு நாள் வேலை. அப்பால இன்னா பண்றோம்ன்றதுதான் பாடம்" என்பார். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில் அந்த இரண்டையும் அவரே செய்தார்.

எங்களுக்குப் பரம்பரை ஊர்த்தலைவராக ஒரு நாட்டார் இருந்தார். கோயிலில் முதல் மாலை அவருக்கு, தீர்ப்பும் அவர் வாய்ச்சொல். ஒரு ஞாயிறு வலைக் கொட்டகையில் தேசப்பன் எழுந்தார். "பிரான்ஸ்ல மூணு வகுப்பு. சாமியாருங்கோ, பிரபுங்கோ, மிச்சம் பேரு நம்ம மாதிரி. கடலுக்குப் போறவன் ஒருத்தன், மாலை வாங்கறவன் ஒருத்தன். இது இன்னா நாயம்?" அன்றே நாட்டார் பட்டம் ஒழிந்து, ஒன்பது பேர் குழு வந்தது. அவர் தலைவர், நான் செயலாளர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆற்றில் கழிவு இறங்குவதை எதிர்த்து ஊரே தொழிலை நிறுத்தியபோது அவர் மூன்று விதி எழுதினார். யாரும் வலை போடக் கூடாது. போட்டால் குடும்பத்தோடு தள்ளிவைப்பு. தள்ளிவைத்தவரோடு பேசினால் பேசியவருக்கும் அதே தண்டனை. தள்ளிவைப்பு எங்களுக்குப் பழசுதான்: பேச்சு கிடையாது, தண்ணீர் கிடையாது, பாடை தூக்க ஆள் கிடையாது. மூன்றாவது விதி மட்டும் புதிது. "கில்லட்டினுக்கு ரத்தம் வேணும் தோஸ்து. நமக்கு வாய மூடினா போதும்" என்று சிரித்தார். பாவி, நானும் சிரித்தேன்.

முதலில் மாட்டியவர் பழைய நாட்டார். பசி பொறுக்காமல் கழிமுகத்தில் வலை வீசிவிட்டார். மன்னிக்கலாமே என்றேன். "இன்னிக்கு பாவம் பாத்தா நாளைக்கு ராஜா திரும்பி வந்து குந்திக்குவான்" என்றார் தேசப்பன். அந்த மாதமே நாட்டாரின் மனைவி இறந்தாள். அப்பனும் மகனும் மீன்பாடி வண்டியில் பிணத்தைத் தள்ளிப் போனார்கள். நாங்கள் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

தேசப்பன் மட்டும் ஓடிப்போய் வண்டியைப் பிடித்தார். "மன்னிச்சிக்கோ நைனா." அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது. மறுநாள் குழு கூடியது. அவர் எழுதிய விதியை அவருக்கே படித்துக்காட்டியவன் நான். எட்டுக் கைகள் உயர்ந்தன, என்னுடையதும் சேர்த்து. உயர்த்தாவிட்டால் அடுத்தது நான். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லி எழுந்து போனார். கெஞ்சியிருந்தால் அவரை வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும். ஆசிரியர் அறையில் நாங்கள் இருவரும் ஏன் பேசுவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, இதுதான்.

போராட்டம் பிசுபிசுத்தது. குழுவை ஒரு விசைப்படகு முதலாளி மடக்கிப் போட்டார். இப்போது முதல் மாலை அவருக்கு. விதிகளை அவர் தொடவில்லை. அவருக்கு அவை வசதி.

தேசப்பனின் பாடைக்கு நான்கு தோள் வேண்டும். நாட்டார் வந்தார், அவர் மகன் வந்தான், யூசுப் சார் வந்தார். தேசப்பனின் மனைவி என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு தோளு கொறையுது."

நான் பதில் பேசவில்லை. அவள் திரும்பினாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், நான்காவது மூலையை அவளே தூக்கினாள்.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் ஊருக்குக் கொடுத்தார் தேசப்பன். அவர் கொடுத்ததில் நான் பத்திரமாக வைத்திருப்பது பயம் ஒன்றைத்தான்.