அப்பா ஆடிய பூப்பந்து

விளையாட்டுச் சாமான் கடையில் மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய பூப்பந்தைக் கையில் எடுத்ததும் அப்பா நினைவுக்கு வந்தார்.

1970களின் கடைசி. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில், மாடிப்படி ஏறவே அவருக்கு மூச்சு வாங்கியது. பக்கத்துத் தெரு சௌராஷ்டிர நண்பர் ஒருநாள் வாசலில் நின்று, "அண்ணே, பூப்பந்துக்கு ஒரு ஆள் குறையுது, வாங்க" என்று கூப்பிட்டார்.

"இந்த வயசுல பந்து வெளாட்டா? விழுந்து வச்சா யாரு பாக்குறது?" என்றாள் அம்மா.

"உக்காந்தே கெடந்தாத்தாண்டி விழுவேன்" என்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே ஓடினேன்.

மைதானத்தில் தண்ணீர் தெளித்த செம்மண் மணத்தது. முதல் நாள் ஒரு பந்துகூட அவர் மட்டையில் படவில்லை. இளவட்டங்கள் சிரித்தார்கள். மறுநாளும் போனார், மூன்று மாதம் விடாமல் போனார்.

ஒருநாள் அவர் வர நேரமாகவே, அம்மா சண்டைக்குத் தயாரான முகத்தோடு மைதானத்துக்கு வந்தாள். அந்நேரம் பந்து அப்பாவின் தலைக்கு மேலே எழும்பியது.

"பின்னாடி போங்க! இன்னும் பின்னாடி!" அம்மாதான் கத்தினாள்.

அப்பா நாலடி பின்னால் ஓடி ஓங்கி அடித்தார். பந்து எதிர் மூலையில் விழுந்தது. இளவட்டங்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் முதல் அம்மாவும் வந்தாள். "எம்புட்டு சுத்துனேன்னு எண்ணுடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு மைதானத்தைச் சுற்றி வேகமாக நடப்பாள். அப்பா எழுபது வயதுவரை ஆடினார்.

எனக்கு இப்போது அறுபது. பெண்கள் பூப்பந்து ஆடும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"இருக்கும்மா. ஆனா எல்லாம் காலேஜ் பிள்ளைக."

"இருக்கட்டும்ப்பா. எத்தனை மணிக்கு வருவாங்க?"