பொட்டு வைத்த பன்னிரண்டு முயல்கள்

ராசம்மா அக்கா காலமான செய்தியை ரிங்லெட் ஊரிலிருந்து அவர் மகள் தொலைபேசியில் சொன்னாள். "தூக்கத்துலயே போய்ட்டாங்க மாமா, ஒரு கஷ்டமும் படல." அதைக் கேட்டதும் அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், தேயிலைத் தோட்டத்தின் பழைய ஸ்டோரில் நாங்கள் இருவரும் முயல்களைப் பார்த்துக்கொண்டோம். இதய வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகுவது எப்படி என்று ஒரு டாக்டர் ஆராய்ந்தார். கீழே வெக்கையில் முயல்கள் செத்துப்போனதால் மலைக்குக் கொண்டுவந்தார். ஆறு முயல்களுக்குக் கொழுப்பும் வைட்டமின் டியும் கலந்த தீனி, ஆறுக்குச் சாதாரணத் தீனி. குறிப்பெழுதுவது நான். கொழுந்து பறிப்பதை விட்டு வந்த அக்கா அவற்றை வளர்த்தார். "நம்மள நம்பித்தானே இருக்கு" என்பார். டாக்டர் அவற்றை அறுத்த நாளில் மட்டும் லீவு போட்டுவிட்டார்.

மாட்டுப் பொங்கலன்று நான் பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்த் திரும்பினால், பன்னிரண்டும் தரையில் ஓடிக்கொண்டிருந்தன. எல்லா நெற்றியிலும் குங்குமப் பொட்டு. எனக்கு உயிரே போய்விட்டது. எண் கூண்டில்தான் இருந்தது, முயலின் காதில் இல்லை. எது எந்தத் தீனி தின்றது என்று தெரியாவிட்டால் ஐந்து மாத உழைப்பும் வீண்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!"

"நமக்கு இதுங்கதானே தம்பி மாடு? பயப்படாதலா, ஒவ்வொண்ணு மூஞ்சியும் எனக்குத் தெரியும்" என்று ஒன்றொன்றாகத் தூக்கிக் கூண்டில் விட்டார்.

டாக்டர் வந்ததும் அக்காவே முந்திக்கொண்டார். "நான்தாங்க வெளிய விட்டேன்." டாக்டர் கத்தித் தீர்த்தார். "ஒன்று மாறியிருந்தாலும் உனக்கு இங்கே வேலை இல்லை" என்றார். பிறகு முயல்களை அறுத்து, கூண்டு எண் தெரியாமலே வால்வுகளைப் பார்த்துத் தரம் பிரித்தார். ஆறில் மணல் போல நறநறத்தது, ஆறு மெத்தென்று இருந்தன. அதை என் குறிப்போடு ஒப்பிட்டோம். ஒன்றுகூட மாறவில்லை! அன்று நான் விட்ட பெருமூச்சு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் காதில் எண் குத்தும்படி முதல் நாளே டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். நாளை நாளை என்று தள்ளிப்போட்டேன். அக்கா திட்டு வாங்கியபோது ஊமையாக நின்றேன். வருடங்கள் கழித்துத்தான் அக்காவிடம் ஒப்புக்கொண்டேன்.

"அன்னைக்கே தெரியும் தம்பி" என்று சிரித்தார். "எண் குத்துற மை பாட்டில் மூடியே தொறக்கலையே. தெனமும் தூசி தட்டுனது நான்தானே?"

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த 'நான்தாங்க' என்ற ஒரு சொல்லைத்தான். டாக்டர் காலமாகும்வரை அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவை அறிந்த உங்கள் எல்லார் முன்னாலும் இப்போது சொல்கிறேன், நெஞ்சு லேசாகிறது: எண் போடாதவன் நான்தாங்க.