நல்ல மழை என்று சொன்னது நான்தான்

என் அண்ணிக்கு ஊரில் தவணைக்காரி என்று பெயர். கடன் கிடன் எதுவும் கிடையாது. அவர் விதைக்கிற விதம் அப்படி. ஆறு ஏக்கர் மக்காச்சோளத்தை ஒரே மூச்சில் விதைக்கவே மாட்டார். முதலில் இரண்டு ஏக்கர், இருபது நாள் கழித்து இரண்டு, இன்னும் இருபது நாள் கழித்து மிச்சம். "பூக்குற நேரத்துல வெயில் காய்ஞ்சா ஒரு துண்டுதான் போகும், மூணும் போகாது" என்பார். அண்ணன் பட்டறையில் டிராக்டர் பிரித்து மாட்டுகிறவர். விவசாயத்தில் அவர் வாயே திறப்பதில்லை. பயிர்க் காப்பீடும் அண்ணி வருஷம் தவறாமல் எடுப்பார். "வானத்தையே நம்பாத பொம்பளை" என்று பக்கத்து நிலத்துக்காரர் கேலி செய்தால், "உங்களையே நம்பல, வானத்தையா நம்பப் போறேன்?" என்று திருப்பிக் கொடுப்பார்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் எழுத்தில் ஒற்று எங்கே விட்டுப்போனது என்று கண்டுபிடித்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் வீட்டில் விண்ணப்பம், கடிதம், போன் எல்லாம் என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வருஷம் ஒரு மத்தியானம் ஆலங்கட்டியோடு மழை பிடித்தது. அரை மணி நேரம்கூட இருக்காது. ஓடிப்போய்ப் பார்த்தால் முதல் இரண்டு துண்டும் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தன. மூன்றாவது முழங்கால் உயரம்தான் வளர்ந்திருந்தது; இலை கிழிந்தாலும் நின்றுகொண்டிருந்தது. அண்ணி செருப்பை வரப்பில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி ஒரு சோளத் தட்டையை நிமிர்த்தினார். கணுவோடு ஒடிந்திருந்தது.

"அழறதை அப்புறம் பாத்துக்கலாம். மூணு நாளைக்குள்ள கம்பெனிக்குச் சொல்லணும். போன் போடு தம்பி" என்றார்.

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. இழப்பீடு சீக்கிரம் வந்தால் மாதக் கடைசிக்குள் குறுகிய காலச் சோளம் விதைத்துவிடலாம், குளிருக்கு முன்னால் முற்றிவிடும். வராவிட்டால் அந்த நாலு ஏக்கரும் அடுத்த வருஷம் வரை தரிசு.

போனில் ஒரு பெண் பொறுமையாகப் பெயர், நில எண், பயிர், தேதி எல்லாம் கேட்டார். கடைசியாக, "மழை எப்படிங்க இருந்துச்சு?" என்றார்.

"நல்ல மழைங்க! ரொம்ப நல்ல மழை!" என்றேன், முழு உணர்ச்சியோடு.

ஆறாம் நாள் கடிதம் வந்தது. 'பெய்தது நல்ல மழை எனத் தங்கள் தரப்பிலேயே தெரிவிக்கப்பட்டிருப்பதால் ஆய்வு தேவையில்லை.' ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாத கடிதம். அண்ணி இரண்டு முறை படித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "காலையில லீவு போட்டுட்டு என்னோட வா" என்றார். அவர் திட்டாததுதான் எனக்கு உறுத்தியது; ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

காப்பீட்டு அலுவலகத்தில் மேனேஜர் கழுத்தில் மப்ளரும் கையில் கைக்குட்டையுமாக உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "பாருங்கம்மா. மழையோட தன்மைன்னு இருக்கு. நல்லது, சுமார், கெட்டது. மூணுதான். உங்க ஆள் நல்லதுன்னு சொல்லியிருக்கார். அவர் குரலே பதிவாகியிருக்கு."

போட்டும் காட்டினார். என் குரல் அறை முழுக்கக் குதூகலமாகக் கேட்டது. பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

மேனேஜர் அடுக்கடுக்காகத் தும்மினார். அண்ணி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "உடம்பு சரியில்லையா சார்?" என்றார், அக்கறையாக.

"ஆமாம்மா. ரெண்டு நாளா நல்ல காய்ச்சல்."

"நல்ல காய்ச்சலா?" என்றார் அண்ணி. "அப்ப உடம்புக்கு நல்லதுதானே சார். மாத்திரை எதுக்கு?"

பக்கத்து மேஜைக்காரர் இப்போது அடக்கவில்லை. மேனேஜர் முதலில் விழித்தார், அப்புறம் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டே கீபோர்டை இழுத்தார். "கெட்டதுன்னு மாத்திட்டேன்மா. நாளைக்கே ஆய்வாளர் வருவார்."

வந்தார். ஒடிந்த தட்டைகளை அடியடியாக எண்ணினார், படம் எடுத்தார், மூன்றாவது துண்டின் பக்கம் நடந்தார்.

"அது பிழைச்சுக்கும். அதை எழுதாதீங்க" என்றார் அண்ணி.

அதையும் சேர்த்து எழுதட்டுமே என்று நான் தொண்டையைக் கனைத்தேன்.

"என்ன, மேனேஜர் காய்ச்சல் உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்றார் அண்ணி என்னிடம்.

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே எழுதினார். அதற்கப்புறம் அண்ணி சொன்ன எதையும் அவர் சந்தேகப்பட்டு இரண்டாம் முறை கேட்கவில்லை.

பணம் வந்தபோது மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. அண்ணன் பட்டறைக்கு லீவு விட்டு டிராக்டரோடு வந்தார். நான் விதை மூட்டை சுமந்தேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் நாலு ஏக்கரும் விதைத்து முடித்தோம்.

எட்டாம் நாள் காலையில் அண்ணியும் நானும் போனோம். வரிசை வரிசையாகப் பச்சை எட்டிப் பார்த்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, மண்டையில மூளைன்னு ஏதாவது இருக்கா? நாலு ஏக்கர் சேத்துல படுத்துக் கிடக்கு, விருந்துச் சாப்பாட்டைப் பாராட்டுற மாதிரியா பேசுவ? நீ பிழை திருத்துறவனாம்! உன்னை நம்பிப் புத்தகம் போடுறான் பாரு, அவனைச் சொல்லணும்!"

மூச்சு வாங்க நிறுத்தினார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றேன்.

"எப்படிச் சொல்றது? கடிதாசி வந்த நாள்லேர்ந்து நீ ஒழுங்கா ஒரு வாய் சாப்பிடல. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நிலம் போனா போகட்டும், நீயும் உடைஞ்சு போனா நான் என்ன பண்றது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னும் முடியல, வா" என்று வரப்பில் முன்னால் நடந்துகொண்டே அவர் மறுபடி ஆரம்பித்தார். ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாது என்று நான் ஒட்டிக்கொண்டே நடந்தேன்.