அண்ணன் நம்பாத படம்

பட்டினச்சேரியில் படகு எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு இடது கண்ணிமை தொங்கிப்போனது. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது. மூன்று மாதம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே திரிந்தார். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, நான்தான் காரைக்காலில் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் சென்னைக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், இடப்பக்கமாக மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய், கண்ணுக்குப் பின்னால் முட்டை மாதிரி புடைத்திருந்தது.

அந்தக் குழாயை அடைத்துவிடலாம் என்றார் சென்னை டாக்டர். ஆனால் அடைத்தால், வலப்பக்கத்து ரத்தம் இடப்பக்க மூளைக்கும் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். அதற்காகச் சின்ன பலூனை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் குழாயை அடைத்தார்கள். அண்ணன் விழித்துத்தான் இருந்தார். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார், பேரைக் கேட்டால் ஊரையும் சேர்த்துச் சொன்னார். குழாய் அடைத்திருந்தபோதே, ரத்தம் எங்கெல்லாம் போகிறதென்று படத்தில் காட்டும் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி, பிறகு மூளையைப் படம் எடுத்தார்கள்.

வெளியே வந்ததும், "பாஸாயிட்டேன், அடைச்சிடச் சொல்லு" என்றார்.

டாக்டர் படத்தைக் காட்டினார். வலது பாதி பளிச்சென்று இருந்தது. இடது பாதி மங்கிக் கிடந்தது. "இந்தப் பக்கம் ரத்தம் பத்தலைங்க. இப்படியே அடைச்சா பக்கவாதம் வரலாம். கால்ல இருந்து ஒரு குழாய் எடுத்து மூளைக்கு மாத்துவழி போட்டுட்டுத்தான் அடைக்கணும்."

"நான் நல்லாத்தானே பேசினேன்? படம் தப்பு" என்றார் அண்ணன்.

இரண்டு நாள் மன்றாடினேன். அழுதேன். கத்தவும் கத்தினேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்து, "கையெழுத்து போடறேன்" என்றார். டீக்கடைக்காரர், "படத்துல மங்கலா தெரியுதுல்ல, அப்புறம் என்னங்க யோசனை?" என்று கேட்டாராம். "அவரு சொல்றது நியாயமாப் படுது" என்றார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கை கால் விழவில்லை. சில மாதத்தில் இமையும் முக்கால்வாசி திறந்துகொண்டது. இப்போதும் பார்க்க வருகிறவர்களிடம் கூசாமல் சொல்வார்: "சும்மா அடைச்சிடாதீங்க, மொதல்ல மாத்துவழி போடுங்கன்னு டாக்டர்கிட்ட நான்தான் சொன்னேன்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.